ஊரில் ஒரு மாதம்: அகஸ்தியம்பள்ளி ரயில், போன் ஸ்டார்ட்டர், குளக்கரையில் பனை விதை. நீங்களும் உங்கள் பக்கத்துச் சேதி சொல்லுங்கள்

பாமணியாறு

எல்லாருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து மன்னார்குடி பக்கம் எங்கள் ஊருக்கு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு மாதம் அனுமதி கிடைத்தது, அப்பாவுக்கு முழங்கால் வலி, குறுவை அறுப்பு நேரம் வேறு, யோசிக்காமல் மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். அறுப்பு முடிந்துவிட்டது. நெல்தான் இன்னும் களத்தில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதலில் எடுப்பார்கள், புரட்டாசி மழையோ ஒருநாள் விட்டு ஒருநாள் பெய்கிறது. காலையில் விரிக்கிறோம், மாலையில் குவித்துத் தார்ப்பாய் போடுகிறோம். இதற்கு நடுவில்தான் அலுவலக மீட்டிங் எல்லாம்.

போன ஞாயிறு பள்ளிக்கூட நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கோடியக்கரை போனோம். ஒருவன் டிராக்டர் ஓட்டுகிறான், ஒருவன் திருப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், ஒருவன் உரக்கடை. ஆறு வருடமாக நான்கு பேரும் ஒன்றாகச் சேரவே இல்லை. கார் எடுக்கலாம் என்றார்கள், நான்தான் பிடிவாதமாக ரயில் என்றேன். திருத்துறைப்பூண்டி வரை பஸ், அங்கிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு டெமு ரயில். 37 கிலோமீட்டர்தான். அகலப்பாதையாக மாற்றி 2023 ஏப்ரலில் திறந்த தடம் இது. சின்ன வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து மீட்டர்கேஜில் போனது மங்கலாக ஞாபகம் இருக்கிறது. வேதாரண்யம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம், கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே மாட்டான். அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்த்தோம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே புறப்பட்டவர்கள் 30ஆம் தேதி இந்த மண்ணில்தான் உப்பை அள்ளினார்கள். அங்கே நிற்கும்போது நான்கு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கோடியக்கரையில் வெளிமான் கூட்டத்தைப் பார்த்துவிட்டோம். கருத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக ஒரு கிடா மட்டும் தனியாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பூநாரைக்கு இன்னும் காலம் இருக்கிறது, கார்த்திகை மார்கழியில் வாருங்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

திரும்பி வரும்போது டிராக்டர்காரன் ஜன்னல் வழியே பனைமரங்களைக் காட்டி, "கஜா புயலில் நம்ம ஊரில் விழுந்த பனை ஒன்று சொல்லு பார்ப்போம்" என்றான். ஒருவனாலும் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டுத் தென்னையில் முப்பத்தெட்டு போனது. குளக்கரைப் பனை பதினொன்றும் அப்படியே நின்றன. அந்தப் பேச்சு வளர்ந்து, இந்தப் புரட்டாசியிலேயே ஊர்க் குளத்தைச் சுற்றியும் பாசன வாய்க்கால் கரையிலும் பனை விதை போடுவது என்று முடிவாகிவிட்டது. ஆயிரம் விதை இலக்கு. இரண்டு ஞாயிறு போதும் என்று கணக்கு.

அப்புறம் ஒரு சேதி. அப்பாவின் போர்வெல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டுவிட்டேன். சிம் போட்ட ஒரு பெட்டி, போன் செய்து ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், மும்முனை மின்சாரம் வந்தால் அதுவே கூப்பிட்டுச் சொல்லும். முழங்கால் வலியோடு ராத்திரி வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டாம், பாம்புக்குப் பயப்பட வேண்டாம். முதல் நாள் அப்பா திண்ணையில் இருந்தபடி மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

புது ஆறு

அண்ணே, ஒரத்தநாட்டுப் பக்கம் மோட்டார் வேலை பார்க்கிறேன், இந்தப் பெட்டி நூறுக்கு மேல் மாட்டியிருப்பேன், அதனால் சிலது சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில், பெட்டியை ஆட்டோ முறையில் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆட்டோவில் இருந்தால் கரண்ட் வந்ததும் யாரும் அழுத்தாமலே மோட்டார் ஓடும். மோட்டார் கொட்டகையில் யாராவது கை வைத்திருக்கும் நேரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆட்டோ இல்லாவிட்டாலும் நீங்கள் சென்னையிலிருந்து போன் அடிப்பீர்கள், அங்கே யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும். ஆகவே பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் மெயினை இறக்கிவிட வேண்டும் என்று அப்பாவிடமும், தண்ணீர் பாய்ச்ச வருகிற ஆளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ஒரு அட்டையில் எழுதிக் கதவிலேயே மாட்டிவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் வசதி பெட்டியில் இருக்கும், ஆனால் மோட்டார் நன்றாகத் தண்ணீர் இறைக்கும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து அதை செட் செய்தால்தான் வேலை செய்யும். மாட்டுகிறவர்கள் பாதிப்பேர் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். மும்முனையில் ஒரு முனை (பேஸ்) போய்விட்டால் நிறுத்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும், ரீவைண்டிங் செலவு பெட்டி விலையைத் தாண்டிவிடும். பல்லியும் குளவியும் பெட்டிக்குள் போகாமல் ஓட்டையை எல்லாம் அடையுங்கள். என்னிடம் வருகிற பழுதில் நிறைய பல்லி செத்து ஒட்டிக்கொண்டதுதான். சிம்முக்கு ரீசார்ஜ் முடியும் தேதியையும் குறித்துவையுங்கள்.

பனை விதைக்கு நானும் வருகிறேன் அண்ணே. கடப்பாரை இரண்டு இருக்கிறது.

உப்பளம்

தம்பி, எங்கள் ஊருக்கு வந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்களே, வருத்தம்தான். அடுத்த முறை வேதாரண்யத்தில் இறங்கினால் சாப்பாடு எங்கள் வீட்டில்.

நீங்கள் பார்த்த குவியல்கள்தான் இந்த வருடத்துக் கடைசி உப்பு. தை மாதம் பாத்தி மிதித்துத் தயார் செய்து தொடங்குவோம், வெயில் உள்ளவரை வாருவோம், பெரிய மழை ஒன்று விழுந்ததும் சீசன் முடிந்தது. அப்புறம் மூன்று நான்கு மாதம் வேறு வேலைதான். கோடியக்கரையை 1967-இல் வெளிமானுக்காகத்தான் சரணாலயம் ஆக்கினார்கள். காலை ஆறரைக்குள் போய்விட்டால் புல்வெளியில் நிறைய பார்க்கலாம், வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும். அந்தக் காட்டில் குதிரைகளும் உண்டு, யாரும் வளர்ப்பதில்லை, தானாகத் திரிகின்றன, பார்த்தீர்களா?

கஜா என்றதும் எனக்கு அந்த ராத்திரிதான் வருகிறது. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி. நாகப்பட்டினத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கரை ஏறியது. ஓடு பறக்கிற சத்தம் கேட்டபடி ஆறு பேர் ஒரே கட்டிலுக்கு அடியில் இருந்தோம். மறுநாள் காலையில் டவர் இல்லை, கரண்ட் இல்லை, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மாமனார் வைத்திருந்த பேட்டரி ரேடியோ ஒன்றுதான் வெளி உலகம். காரைக்கால் பண்பலை எடுத்தது, அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இன்றைக்கும் ஐப்பசி பிறந்தால் நான் செய்யும் முதல் வேலை ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்குவது. போன் என்ன விலை போட்டு வாங்கினாலும் டவர் விழுந்தால் அது வெறும் டார்ச்தான் தம்பி. சென்னை திரும்புவதற்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு பேட்டரி ரேடியோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தென்னந்தோப்பு

பேராவூரணிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வயது அறுபத்தி ஆறு, மெதுவாகத்தான் தட்டச்சு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பாமணியாறு, உங்கள் மனசு நல்ல மனசு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆயிரம் விதை, இரண்டு ஞாயிறு என்று படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. கஜாவில் என்னுடைய 160 தென்னையில் நின்றது இருபத்தி மூன்று. பனை விழவில்லை என்பதை நாங்களும் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். அடுத்த வருடமே பனை விதை போட எங்கள் பக்கம் நிறைய பேர் வந்தார்கள், வண்டி வண்டியாக விதை, பேனர், டீசர்ட், ட்ரோன் விட்டுப் படம். நானும் கூட நின்று குழி தோண்டினேன். இன்றைக்கு அந்த வாய்க்கால் கரையில் எத்தனை வடலி (இளம்பனை) நிற்கிறது என்று போய் எண்ணினேன். நாற்பது கூட இல்லை.

ஏன் போனது என்று சொல்கிறேன். போட்டது எல்லாம் வாய்க்காலின் உள்சரிவில். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் சித்திரை வைகாசியில் தூர்வார ஜேசிபி வருமா வராதா? வந்தது. அள்ளிய சேற்றைக் கரைமேலேயே போட்டது. முளைத்ததும் போச்சு, முளைக்காததும் போச்சு. மிச்சம் இருந்ததைத் தை மாதம் பையன்கள் கிழங்கு என்று பிடுங்கித் தின்றார்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன, யாரும் அவர்களிடம் இது மரத்துக்குப் போட்டது என்று சொல்லவில்லை. பன்றி தோண்டியது கொஞ்சம், காய்ந்த புல்லுக்கு யாரோ வைத்த தீயில் கொஞ்சம்.

பனையின் குணம் தெரிந்து செய்ய வேண்டும். விதை முளைத்ததும் மேலே வராது, முதலில் கீழேதான் இறங்கும், அதுதான் கிழங்கு. மாதக்கணக்கில் மண்ணுக்கு மேல் ஒன்றும் தெரியாது. போட்டவன் மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தால் முளைக்கவில்லை என்று நினைத்துப் போய்விடுவான். அது பாளை விட்டு ஆணா பெண்ணா என்று தெரிய பன்னிரண்டு பதினைந்து வருடம் ஆகும். அவ்வளவு பொறுமையான மரத்துக்கு இரண்டு ஞாயிறு போதாது தம்பி. ஆயிரம் வேண்டாம். உங்களால் எத்தனையை மூன்று வருடம் போய்ப் பார்க்க முடியுமோ அத்தனை மட்டும் போடுங்கள்.

பாமணியாறு

ஐயா, நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நீங்கள் சொன்னது சரி. நான் இன்னும் கொஞ்ச நாளில் கிளம்பிவிடுவேன், அதற்குப் பிறகு அந்தக் கரையில் யார் நிற்பார்கள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. மோட்டாரைச் சென்னையிலிருந்து ஓட்டலாம், விதையை அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது.

காலையில் டிராக்டர்காரனோடு குளத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். வாய்க்காலை விட்டுவிட்டோம், குளம் மட்டும். அதுவும் வெளிச்சரிவில், பத்தடிக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தால் 240 இடம்தான் வருகிறது. கரையை ஒட்டி ஒன்பது வீடுகள். ஒவ்வொரு வாசலுக்கு எதிரே வருகிறதை அந்த வீட்டார் பார்த்துக்கொள்வார்களா என்று கேட்கப் போகிறோம். புது ஆறு தம்பி, கதவில் அட்டை மாட்டியாயிற்று. ஆம்பியர் செட் செய்யவே இல்லை என்பதும் உண்மைதான், நேற்று மாட்டினவரை வரவழைத்துச் செய்தோம், நன்றி.

ஹரித்ரா நதி

மச்சான், நான்தான்டா, சிங்கப்பூரிலிருந்து. குரூப்பில் போட்டோ பார்த்ததும் இந்த இழைக்கு வந்தேன். நான்கு பேர் நிற்கிற படத்தில் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டிய இடம் எனக்குத் தெரிகிறது.

வேலிக்கு, கூலிக்கு எவ்வளவு வேண்டும் சொல், இன்றே அனுப்புகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐயா எழுதியதைப் படித்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பணம் அனுப்பிப் பழகிவிட்டோம். அம்மாவுக்குப் பெரிய போன் அனுப்பினேன், இன்வெர்ட்டர் போட்டேன், கேமரா போட்டேன். அம்மா அந்தக் கேமராவைப் பார்த்து, "உன் பெட்டியிடம் எவ்வளவு நேரம்டா பேசுவது" என்று போனில் கேட்டது. அதிலிருந்து தினமும் ராத்திரி எட்டரைக்கு நானே கூப்பிடுகிறேன்.

எங்கள் வீடு அந்த ஒன்பதில் ஒன்று. அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். வாசலுக்கு எதிரே இருப்பதை மட்டும் இல்லை, பக்கத்து இரண்டு வீட்டுப் பங்கையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. தாத்தா பனை ஏறியவர், தெரியும்தானே. விதையின் கண் கீழே பார்த்து இருக்கணும், ஒரு அடிக்குள் குழி போதும் என்று எனக்கே பாடம் நடத்தியது. ஞாயிற்றுக்கிழமை போனதும் முதலில் அம்மாவைக் கூப்பிட்டு முதல் விதையைப் போடச் சொல்லு.

துலாக்கட்டம்

மாயவரத்திலிருந்து, அரசுப் பள்ளி ஆசிரியை. ஐப்பசி முழுக்குக்குக் கூட்டம் சேரத் தொடங்கும் நேரம் இங்கே.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இரண்டு வருடமாகச் சேருகிறோம். மெர்லின் என்ற செயலியைத் திறந்து வைத்தால் குரலைக் கேட்டே எந்தப் பறவை என்று சொல்கிறது, பிள்ளைகளுக்கு அது பெரிய ஆச்சரியம். ஆனால் செயலி சொல்வதை நான் அப்படியே எழுத விடுவதில்லை. கண்ணால் பார், இரண்டு பேர் பார், அப்புறம் பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் ஏற்று என்பேன். ஒரு பெண் மூன்று நாள் தொடர்ந்து ஒரே வேலியில் நின்று கரிச்சானைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அது தினமும் அதே கம்பியில்தான் உட்காருது" என்றாள். அதை எந்தச் செயலியும் அவளுக்குச் சொல்லியிருக்காது.

உங்கள் ஊருக்கு வடுவூர் ஏரி பக்கம்தானே, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஏரி. வருகிற பொங்கலுக்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துவிடுங்கள். பனை விதைக்கும் பிள்ளைகளைத்தான் கேட்கச் சொல்வேன். ஒரு பிள்ளைக்கு ஐந்து விதை, பெயர் எழுதிய மூங்கில் குச்சி. தன் பெயர் போட்ட இடத்தில் யாரையும் கிழங்கு தோண்ட விடமாட்டார்கள்.

தென்னந்தோப்பு

டீச்சர் சொன்னது நல்ல யோசனை. குச்சி உயரமாக இருக்கட்டும், ஜேசிபி ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

பாமணியாறு (தை மாதம்)

பொங்கலுக்கு வந்திருக்கிறேன். சொல்ல வேண்டியது நிறைய, சுருக்கமாகச் சொல்கிறேன்.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு 240-ம் போட்டோம். முதல் விதை மச்சானின் அம்மா. புது ஆறு தம்பி ஒரத்தநாட்டிலிருந்து பைக்கில் கடப்பாரையைக் கட்டிக்கொண்டு காலை ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றார், அன்றுதான் நேரில் பார்த்தேன். பிள்ளைகள் நாற்பத்தி எட்டுப் பேர்.

கார்த்திகை மழையில் தென்கிழக்கு மூலையில் கரை கொஞ்சம் அரித்து ஒன்பது விதை குளத்துக்குள் போய்விட்டது. பன்றி பதினாறைத் தோண்டிவிட்டது, அந்தப் பக்கம் மட்டும் முள் வெட்டிப் போட்டோம். கிழங்கு தோண்டப் பெரிய பையன்கள் இரண்டு பேர் வந்தார்களாம், ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி குச்சியில் இருந்த தன் பெயரைக் காட்டிச் சண்டை போட்டு அனுப்பியிருக்கிறாள். ஒன்றே ஒன்றை நாங்களே தோண்டிப் பார்த்தோம். முழங்கை நீளம் கீழே இறங்கியிருந்தது. மேலே ஒரு துளி பச்சை இல்லை. ஐயா சொல்லாமல் இருந்திருந்தால் எதுவும் முளைக்கவில்லை என்று நானும் நினைத்திருப்பேன்.

அப்பாவுக்கு ரேடியோ வாங்கிக் கொடுத்தேன் உப்பளம் அக்கா. புயல் எச்சரிக்கைக்கு என்று வாங்கியது, அவர் காலையில் பாட்டு கேட்கிறார்.

ஹரித்ரா நதி (ஆனி மாதம்)

இந்தத் தடவை நான் எழுதுகிறேன், ஏனென்றால் எண்ணியது எங்கள் அம்மா. போன வாரம் குளம் தூர்வார வண்டி வந்தது. அம்மா காலையிலேயே ஓட்டுகிற தம்பிக்கு டீ போட்டுக் கொடுத்து, சிவப்புத் துணி எல்லாவற்றையும் நடந்தே காட்டியிருக்கிறது. அந்தத் தம்பியும் மண்ணை எதிர்க்கரையில் கொட்டினார். ஒரு இடத்தில் மட்டும் சக்கரம் ஏறி ஏழு போனது.

இன்று வரை குருத்து மேலே வந்தது 117. அம்மா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வீடு வீடாக எழுதி, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியது. படம் அனுப்ப அதுவே கற்றுக்கொண்டது. இன்னும் சில ஆடிக்குள் வரும் என்கிறது.

புரட்டாசிக்கு இருபது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். போன இடத்துக்கெல்லாம் மறுபடி விதை போட வேண்டும். மச்சான், நீயும் டிக்கெட்டைப் போடு.

தென்னந்தோப்பு

விதை நீங்கள் தேட வேண்டாம். என் தோப்பு ஓரத்தில் நிற்கும் நல்ல காய்ப்பு மரத்துப் பழம் ஆவணியில் விழும், பொறுக்கிச் சாக்கில் கட்டி வைக்கிறேன். மன்னார்குடி பஸ் நிலையத்தில் யார் வந்து வாங்கிக்கொள்வது என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் நானே வந்துவிடுகிறேன், அந்த அம்மாவையும் பார்க்க வேண்டும்.